ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஒரு மடை!

ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தோவாளையைத் தாண்டியதும் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஒரு வாசல் விட்டிருக்கிறது. அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு வரும் தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசலில் முண்டியடித்துக்கொண்டு நுழைகிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு அது அன்றாட அனுபவம்.

இந்தக் கணவாய் சரித்திரப் புகழ் பெற்றது. 1809-ம் ஆண்டில் வேலுத்தம்பி தளவாயின் படைகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தை இங்கேதான் எதிர்த்து நின்றன. அன்று மனிதர்களை மறிக்கக் கோட்டை கட்டிய இடத்தில், இன்று காற்றை மறிக்கக் கோபுரங்கள் நிற்கின்றன. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் லாரியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் புறப்படும் டிரைவர்கள் நிமிர்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும்.

இறக்கைகளை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு காற்றாலையிலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இரும்பு அலமாரி ஒன்று இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய சாதனத்தைப் பார்த்தவர்கள் வெகு சிலரே. அது இல்லாவிட்டால் இத்தனை காற்றையும் கட்டி மேய்க்க முடியாது. அது வேறொன்றுமில்லை, ஒரு சுவிட்சு!

"சுவிட்சா? எங்கள் வீட்டுத் திண்ணையில்கூட இருக்கிறதே!" என்று வாசகர்கள் கேட்கலாம். வாய்க்கால் மடையும் மடைதான். பேச்சிப்பாறை அணையின் மதகும் மடைதான். இரண்டும் ஒன்றாகிவிடுமா? பெரிய மின்சாரத்தை அடக்கும் சுவிட்சைச் செய்ய உலகத்து விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள். அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

திறந்தால் நின்றுவிடும்!

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு விவசாயி மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடும்; அடைத்தால் நிற்கும். மின்சார எஞ்சினீயருடைய பாஷையில் இது தலைகீழ். சுவிட்சு "திறந்திருக்கிறது" என்றால் மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். "மூடியிருக்கிறது" என்றால் ஓடுகிறது. இந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். "சேர்ப்பது" என்றும் "பிரிப்பது" என்றும் சொல்லிக்கொள்வோம்.

சேர்ப்பது எளிது. இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொண்டால் போதும். பிரிப்பதில்தான் இருக்கிறது வித்தை!

இருட்டில் மின்விசிறியை நிறுத்தும்போது சுவிட்சுக்குள் சின்னதாக ஒரு நீலப் பொறி தெரிவது உண்டு. நாம் நிறுத்தச் சொன்ன பிறகும் மின்சாரம் நிற்க மனமில்லாமல் காற்றைத் தாண்டிக் குதிப்பதுதான் அந்தப் பொறி. மின்விசிறியில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. அழுத்தம் 230 வோல்ட். ஆகவே பொறி பிறந்த உடனேயே செத்துப் போகிறது.

நான்கு லட்சம் வோல்ட் ஓடும் பெரிய மின்பாதையை நினைத்துப் பாருங்கள். அதில் எங்கோ மரம் சாய்ந்து கோளாறு ஏற்பட்டால், ஒரு கணத்தில் பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்துவிடும். 40,000 ஆம்பியர் வரை தாங்கித் துண்டிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இத்தகைய சுவிட்சுகளைச் செய்கிறார்கள். அங்கே உலோகத் துண்டுகள் பிரிந்தால் பிறப்பது பொறி அல்ல, நெருப்பாறு. அதன் உள்வெப்பம் பத்தாயிரம் டிகிரிக்கும் மேல் போகும். சூரியனுடைய மேற்பரப்பைவிட அதிகம்! அந்த நெருப்பு நீடித்தால் சுவிட்சு உருகும். பக்கத்தில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். ஊரே இருளில் மூழ்கும்.

வெள்ளம் கரைபுரண்டு வரும்போது மடைப் பலகையை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். ஓடுகிற தண்ணீருக்கு ஒரு வேகம் இருக்கிறது. அது பலகையைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். மின்சாரமும் அப்படித்தான்.

மூச்சு விடும் நேரம்

நல்ல வேளையாக, நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. அது நொடிக்கு ஐம்பது சுற்று முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஊஞ்சல் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கணம் நின்று திரும்புவதுபோல, இந்த மின்சாரமும் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து மூச்சு விட்டுக்கொள்கிறது. அந்தக் கணத்தைப் பார்த்து அமுக்கிவிட வேண்டும். இதுதான் பெரிய சுவிட்சுகளின் ரகசியம்.

ஆதியில் எண்ணெய்த் தொட்டிக்குள் சுவிட்சை முக்கி வைத்தார்கள். நெருப்புப் பிறந்ததும் எண்ணெய் கொதித்து வாயுவாகி அதை அணைத்தது. சில சமயம் எண்ணெயே தீப்பற்றிக்கொண்டது! பிறகு அழுத்தக் காற்றைப் பீறிட்டு அடித்து நெருப்பை ஊதி அணைத்தார்கள். அதற்குப் பின் வந்தது ஸல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயு. இது எலெக்ட்ரான்களை ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் படைத்தது. இன்று உயர்ந்த மின்அழுத்தப் பாதைகளில் இதற்குத்தான் ராஜ்யபாரம். 11,000, 33,000 வோல்ட் பாதைகளில் வேறொரு யுக்தி. வெற்றிடக் குழாய்க்குள் சுவிட்சை வைத்துவிடுகிறார்கள். பற்றி எரிய அங்கே எதுவுமே இல்லை அல்லவா?

ஏவல் கிடைத்தது முதல் துண்டிப்பது வரை, நான்கு லட்சம் வோல்ட் சுவிட்சு எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கண் இமைப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் பிடிக்கும். இந்தச் சுவிட்சுகளை வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து சோதித்துச் சான்று தருவதற்கென்றே பெங்களூரில் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1960-ல் ஏற்பட்ட நிலையம் அது.

ஆனால் அந்த அருமையான வாயுவுக்கும் ஒரு தோஷம் உண்டு. கசிந்து ஆகாயத்தில் கலந்தால், அது கரியமில வாயுவைப்போல் சுமார் 24,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே அதற்கு மாற்றுத் தேடும் பந்தயம் இப்போது உலகமெங்கும் நடக்கிறது.

ஒக்கிப் புயலில் கண்டது

சுவிட்சின் அருமை கன்னியாகுமரி ஜில்லாவுக்கு 2017-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் நன்றாகத் தெரிந்தது. ஒக்கிப் புயல் ரப்பர் தோட்டங்களையும் வாழைத் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் சூறையாடியது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஊர் ஊராகப் பல நாள் மின்சாரம் இல்லை. வெளி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் மின்சார வாரியத் தொழிலாளர்கள் வந்து கம்பம் நட்டார்கள்.

இங்கே எல்லோரும் அறிந்துவைக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கம்பி அறுந்து விழுந்தால் சுவிட்சு தானாகத் துண்டித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஈர மண்ணில் விழுந்தால் பெரிய மின்சாரம் பாயும். சுவிட்சு உடனே விழித்துக்கொள்ளும். காய்ந்த மணலிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் மண்ணுக்குள் போகும் மின்சாரம் சொற்பம். யாரோ நாலு மின்விசிறி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சுவிட்சு பேசாமல் இருந்துவிடலாம். கம்பி உயிரோடு கிடக்கும்! ஆகவே அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. பொரி பறக்கவில்லை, சத்தம் இல்லை என்பதை நம்பி நெருங்கவும் கூடாது. இத்தகைய சின்னக் கோளாறையும் கண்டுபிடித்துத் துண்டிக்கும் சாதனம்தான் மின்சார எஞ்சினீயர்களுக்கு இன்றும் பெரிய சவால்.

காற்றாலைக்கு ஏன் போதவில்லை?

இனி முப்பந்தலுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டன. பிறகு முப்பந்தலிலும் வந்தன. 1990-க்குப் பின் தனியாரும் முனைந்து இறங்கினார்கள். அன்று வந்த யந்திரங்கள் 225, 250 கிலோவாட் சக்தி கொண்டவை.

250 கிலோவாட் யந்திரம் நன்றாகச் சுழலும்போது ஏறத்தாழ 400 ஆம்பியர் மின்சாரம் தரும். ஆனால் நின்ற நிலையிலிருந்து அதை மின்பாதையோடு 'டக்'கென்று சேர்த்தால், முதல் கணத்தில் ஆறேழு மடங்கு மின்சாரத்தை அது உறிஞ்சிவிடும். அக்கம்பக்கத்து ஊர்களில் விளக்குகள் மங்கும். யந்திரத்தின் பற்சக்கரங்கள் அதிர்ந்து தேயும். கணவாய்க் காற்றோ சீரானது அல்ல. நின்று நின்று வீசும். ஒரு நாளில் பல முறை சேர்க்கவும் பிரிக்கவும் வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான யந்திரங்கள் இப்படிச் செய்தால் மின்பாதை என்ன ஆகும்?

ஆகவே மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாற்று நட்ட வயலில் மடையை முழுக்கத் திறந்துவிட்டால் நாற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். மண்ணை விரலளவு விலக்கி, பிறகு சாணளவு விலக்கித்தானே தண்ணீர் பாய்ச்சுகிறோம்? அதுபோல ஒவ்வொரு ஊசலாட்டத்திலும் சிறிது சிறிதாகத் திறந்து, ஓரிரு நொடிகளில் முழுதும் திறக்க வேண்டும். உலோகத் துண்டுகளை நகர்த்தும் சுவிட்சினால் இது முடியாது. நொடிக்கு நூறு தடவை துள்ளினால் அது நொறுங்கிவிடும்.

அசையாமல் வேலை செய்யும் சுவிட்சு வேண்டும்!

பாதரசமும் மணலும்

அசையாத சுவிட்சை முதலில் பாதரச ஆவியைக் கொண்டு செய்தார்கள். ஸ்வீடன் தேசத்து எஞ்சினீயர் ஊனோ லாம் இதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அதன் பலனாக 1954-ல் ஸ்வீடனிலிருந்து கோட்லாண்டு தீவுக்குக் கடலடியில் 98 கிலோமீட்டர் தூரம் ஒரு லட்சம் வோல்ட் நேர்மின்சாரம் போயிற்று. ஆனால் பாதரசக் குழாய்கள் கோபக்காரர்கள். திடீரென்று மின்சாரத்தைத் திருப்பிப் பாய விட்டுவிடும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1957-ல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி புதிய சாதனம் ஒன்றை உருவாக்கியது. மணலிலிருந்து எடுக்கும் ஸிலிகனை நான்கு அடுக்காக அமைத்துச் செய்த தட்டு. இதற்குப் பெயர் தைரிஸ்டர். இதன் ஓரத்தில் துளி மின்சாரத்தைத் தட்டிவிட்டால் போதும். ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு வழி விட்டுவிடும். உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டு சுமார் 8,000 வோல்ட் வரை தடுத்து நிறுத்தும் அளவுக்குப் பின்னாளில் இது வளர்ந்தது. நகரும் பாகம் இல்லை. தேய்மானம் இல்லை. பொறி இல்லை.

முப்பந்தலின் பழைய காற்றாலைகளில் மின்சாரத்தை மெல்ல மெல்லச் சேர்த்துவைப்பது இந்தத் தைரிஸ்டர்தான். காற்று வந்ததும் ஓரிரு நொடிகள் உழைத்துவிட்டு, பிறகு பொறுப்பைச் சாதாரண சுவிட்சிடம் ஒப்படைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

இதே குடும்பத்தில் வாயுவை உபயோகிக்கும் அண்ணன் ஒருவன் உண்டு. பெயர் தைரட்ரான். ஹைட்ரஜன் நிரப்பிய குழாய். பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்கிக்கொண்டிருந்து, நொடியில் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் ஆயிரம் ஆம்பியரை இடிபோல் கொட்டிவிடும். ராடார்களுக்கும், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் யந்திரங்களுக்கும் இந்த இடி வேண்டும். 1953-ல் நேரு அடிக்கல் நாட்டிய பிலானி மின்னணு ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் இத்தகைய குழாய்களைச் சொந்தமாக உருவாக்கியிருக்கிறார்கள்.

சென்னையில் பிறந்தவர் செய்த அற்புதம்

தைரிஸ்டருக்கு ஒரு பெரிய குறை. சேர்க்கத் தெரியும், பிரிக்கத் தெரியாது! மடையைத் திறக்கத் தெரிந்த வேலைக்காரன், தண்ணீர் தானாக வற்றும் வரை மூடத் தெரியாமல் கரையில் உட்கார்ந்திருப்பதுபோல, மின்சாரம் பூஜ்யத்துக்கு வரும்வரை அது காத்திருக்க வேண்டும்.

நினைத்த கணத்தில் சேர்க்கவும், நினைத்த கணத்தில் பிரிக்கவும் தெரிந்த பெரிய சுவிட்சை உலகம் தேடியது. பலர் முயன்றார்கள். அதைப் பயனுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்தவர். 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அமெரிக்கா சென்று ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, 1974-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார்.

மோட்டார்களின் வேகத்தை நினைத்தபடி கூட்டிக் குறைக்க நல்ல சுவிட்சு வேண்டும் என்று கம்பெனி தேடிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய மின்சாரத்தைத் தாங்கும் டிரான்ஸிஸ்டர் ஒரு ஜாதி. மின்சாரமே செலவழிக்காமல் வெறும் அழுத்தத்தினால் ஏவலுக்கு ஆடும் டிரான்ஸிஸ்டர் இன்னொரு ஜாதி. இரண்டையும் ஒரே ஸிலிகன் துண்டில் பாலிகா இணைத்தார். அப்படி இணைத்தால் அதற்குள்ளேயே ஒரு தைரிஸ்டர் ஒளிந்துகொண்டு, சுவிட்சைப் பிரிக்கவிடாமல் மாட்டிக்கொள்ளும் என்ற அச்சம் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பூதத்தை அடக்கி அவர் வெற்றி கண்டார். ஐ.ஜி.பி.டி. என்று அதற்குப் பெயர்.

இன்று மின்சார ரயில் எஞ்சின்களிலும், மின்சாரக் கார்களிலும், வீட்டு ஏ.சி. யந்திரங்களிலும் இந்தக் குடும்பத்தின் உழைப்புத்தான். 2024-ல் பின்லாந்து தேசம் தன் உயர்ந்த தொழில்நுட்பப் பரிசான மில்லேனியம் பரிசைப் பாலிகாவுக்கு வழங்கிக் கௌரவித்தது.

புதிய காற்றாலைகளுக்கு உயிர் கொடுப்பதும் இதுவே. பழைய யந்திரம் காற்று எப்படி வீசினாலும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். இல்லாவிட்டால் மின்பாதையின் தாளத்துக்கு ஒத்துவராது. புதிய யந்திரம் காற்றின் போக்கில் வேகமாகவும் மெதுவாகவும் சுழலலாம். தாளம் தப்பிய அந்த மின்சாரத்தை, நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டியும் ஒட்டியும் ஐ.ஜி.பி.டி. சீராக்கிவிடுகிறது. இன்று 2,000, 3,000 கிலோவாட் காற்றாலைகள் நிற்கின்றன என்றால் இந்தச் சாமர்த்தியமும் அதற்கு ஒரு காரணம்.

வடக்கே போகும் தென்காற்று

ஆடியில் காற்று அமோகமாக வீசும். அன்றைக்குத் தமிழ்நாட்டுக்கு அத்தனை மின்சாரம் தேவைப்படாமல் போகலாம். தேவை இருந்தாலும் மின்பாதைக்குத் தாங்கும் சக்தி இல்லாமல் போகலாம். கண்ணெதிரே காற்று வீச, காற்றாலையை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. விளைந்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டுப் போவதுபோன்ற வேதனை அது. மிச்சத்தைத் தொலைதூரம் அனுப்ப வழி வேண்டாமா?

அந்த வழியும் சுவிட்சுதான். வெகு தூரத்துக்கு மாறுதிசை மின்சாரத்தைவிட நேர்மின்சாரத்தை அனுப்புவதில் இழப்புக் குறைவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை 2020, 2021-ம் ஆண்டுகளில் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. அழுத்தம் 8 லட்சம் வோல்ட். சக்தி 6,000 மெகாவாட். முழு வேகத்தில் அதில் ஓடும் மின்சாரம் ஏறத்தாழ 3,750 ஆம்பியர்! மாடிக் கட்டடம்போல் உயர்ந்த கூடங்களில், தைரிஸ்டர் தட்டுகளை மாலைபோல் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பாதை இருவழிச் சாலை. தெற்கே பற்றாக்குறை என்றால் வடக்கேயிருந்து வரும். தெற்கே காற்று மிகுந்தால் வடக்கே போகும். எந்த யூனிட் எந்த ஊருடையது என்று மின்சாரத்தில் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் முப்பந்தல் காற்றின் பலன் விந்திய மலைக்கு அப்பாலும் சேரலாம் என்பது உண்மை. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-ல் தொடங்கிய 3,20,000 வோல்ட் பாதையிலோ, தைரிஸ்டருக்குப் பதில் பாலிகாவின் ஐ.ஜி.பி.டி. வேலை செய்கிறது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல்.

இந்தச் சுவிட்சுகள் மதில் சுவராகவும் நிற்கும். 2012-ம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. 31-ந் தேதி கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பிரதேசம் இருண்டது. தென்னிந்தியா தப்பியது. அன்று தெற்கும் வடக்கும் முக்கியமாக நேர்மின்சார இணைப்புகள் வழியாகவே கைகோத்திருந்தன. வடக்கின் தடுமாற்றம் அந்த ஸிலிகன் சுவரைத் தாண்டி வரவில்லை. 2013 டிசம்பர் இறுதியில்தான் ரெய்ச்சூர் - சோலாப்பூர் பாதை மூலம் இரண்டும் ஒரே தாளத்தில் இணைந்தன.

ஆனால் நேர்மின்சாரத்திலும் ஒரு சங்கடம். அதற்கு மூச்சு விடும் நேரமே கிடையாது! பூஜ்யத்துக்கு வராத மின்சாரத்தைப் பிரிப்பது எப்படி? ஏ.பி.பி. கம்பெனி 2012-ல், நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதைத் துண்டிக்கும் சுவிட்சை அறிவித்தது. உலோகமும் ஸிலிகனும் கூட்டாளிகளாகச் சேர்ந்து செய்யும் வேலை அது.

நம் கையில் என்ன இருக்கிறது?

முப்பந்தலில் மிக நல்ல காற்று வீசும் இடங்களில் மிகப் பழைய, மிகச் சிறிய யந்திரங்கள்தான் நிற்கின்றன. முதலில் வந்தவர்கள் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்; இது இயல்புதானே? அந்த யந்திரங்கள் மின்அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே சட்டென்று கழன்றுகொள்ளும். நூறு யந்திரங்கள் ஏக காலத்தில் கழன்றால் சிறிய தடுமாற்றம் பெரிய ஆபத்தாக முடியும். புதிய யந்திரங்களோ தாழ்ந்த அழுத்தத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு மின்பாதைக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று இப்போது விதியே இருக்கிறது. அதற்கும் ஐ.ஜி.பி.டி.தான் துணை. பழையவற்றை மாற்றிப் புதியவற்றை நிறுவத் தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் காற்றாலைகள் மொத்தம் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சக்தி கொண்டவை. கோபுரம் நம் நாட்டில் செய்கிறோம், இறக்கையும் செய்கிறோம், பெரிய டிரான்ஸ்பார்மர்களும் செய்கிறோம். ஆனால் அலமாரிக்குள் இருக்கும் அந்த விரல் நக அளவு ஸிலிகன் சில்லுகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். கப்பல் வராவிட்டால்? விலை ஏறினால்? ஆடிக் காற்று நமக்காகக் காத்திருக்குமா?

நாம் சும்மா இருந்துவிடவில்லை. பெங்களூரில் பாரத மிகுமின் நிறுவனம் தைரிஸ்டர்களைச் செய்திருக்கிறது. 1980-களின் இறுதியில் பார்சூர் - கீழ்சிலேரு இடையே முழுக்க இந்தியக் கைவண்ணத்தில் நேர்மின்சாரப் பாதை போட்டுக் காட்டினார்கள். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில், ஸி-டாக் நிறுவனம் இந்தத் துறைக்கான தேசியத் திட்டத்தின் தலைமையிடமாக விளங்கிவருகிறது. ஸிலிகனைவிடப் பத்து மடங்கு மின்அழுத்தச் செறிவைத் தாங்கும் ஸிலிகன் கார்பைடு என்ற பொருளில் சில்லு செய்யும் தொழிற்சாலைக்கு, ஒடிசாவின் புவனேஸ்வரத்தில், 2025 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்திருக்கிறது. வெள்ளம் வரும் முன் மடை கட்டிவிட வேண்டும் என்ற அக்கறை பிறந்திருக்கிறது.

கன்னியாகுமரி ஜில்லாவில் எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. பெரும்பாலான மாணவர்கள் பட்டம் வாங்கியதும் கம்ப்யூட்டர் கம்பெனிகளைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி ஏறுகிறார்கள். ஏறட்டும், தப்பில்லை. ஆனால் தலைக்கு மேலே சுழலும் இறக்கைக்குக் கீழே, பூட்டிய அலமாரிக்குள், இன்னும் தீராத பிரச்னை ஒன்று இருக்கிறது என்பதை அவர்களில் நாலு பேராவது கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டான் தண்ணீரை அடக்கியாளப் பிறந்தவன் என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்த வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவனுக்குக் கைவந்த கலை. திறக்க யாராலும் முடியும். உரிய கணத்தில் அடைக்கத் தெரிந்தவனிடம்தான் வாய்க்காலை ஒப்படைப்பார்கள். மின்சாரத்துக்கும் அதே நியாயம்தான்!